அம்பிட்டிய வட்டாரத்தில் கேட்டல் இலக்கணம்: பிரெஞ்சோடு ஓர் ஒப்பாய்வு

"உப்பைக் கொஞ்சம் தாங்க" என்று சொல்லி உப்பை வாங்கிவிடும் கலைக்கு உரிய ஆராய்ச்சி மரியாதை இன்னும் வாய்க்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இக்குறை நீடிப்பது வருந்தத்தக்கது.

கண்டியை அடுத்த அம்பிட்டியவைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ இங்கே நிறுவிய குருமடத்தை நடத்தியவர்கள் பெல்ஜிய இயேசு சபையினர். 1955இல் அது புனேக்குப் பெயரும்வரை இந்தியாவிலிருந்தும் மாணவர்கள் வந்து படித்தார்கள். பெல்ஜியத்துப் பிரெஞ்சில் ஒரு விந்தை: பொருளைக் கேட்கும்போது மட்டுமல்ல, கொடுக்கும்போதும் "சில் வூ ப்ளே" (தயவுசெய்து) என்பார்கள். ரொட்டித் தட்டு கைமாறுகையில் கேட்டவர் எவர், கொடுத்தவர் எவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. குருமடத்துச் சாப்பாட்டு மேசையில் இது நடந்ததற்குச் சான்று கிடையாது. நடந்தே தீர்ந்திருக்கும் என்று வாதிடுவது ஆய்வாளர் கடமை.

இனி கருதுகோள். பிரெஞ்சுக்காரர் கோப்பிக் கடையில் "வேண்டும்" என்று நிகழ்காலத்தில் கேட்க மாட்டார். "ழெ வூத்ரே" என்பார். ஏதேனும் கூடிவந்தால் விரும்பக்கூடும் என்கிற தொனி. உதவி பெரிதானால் இறந்தகாலத்துக்கே போய், "உங்களைக் கேட்க நினைத்திருந்தேன்" என்பார், ஆள் எதிரே நிற்கும்போதே. கடிதத்தை முடிக்கையில் தம் மேலான உணர்வுகளை ஏற்றருளும்படி வேறு மன்றாடுவார், எழுதியது தண்ணீர்க் கட்டண முறைப்பாடாக இருந்தாலும். ஆக, அவருடைய பணிவு காலத்தைத் தள்ளிவைக்கிறது.

அம்பிட்டியவின் பணிவோ அளவைச் சுருக்குகிறது. தலாத்துஓயா பஸ்ஸில் கண்டக்டர் சிங்களத்தில் "பொட்டக் இஸ்ஸரஹட்ட" என்கிறார். தமிழில் அதுவே "கொஞ்சம் முன்னுக்குப் போங்க". சொன்னதை நம்பிக் கொஞ்சமாக நகர்ந்தவர் அடுத்து வாங்கும் பேச்சில் பணிவு இருக்காது. "கதவைக் கொஞ்சம் சாத்துங்க" என்றால் தாழ்ப்பாள்வரை. "ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்றால் தேத்தண்ணி, பலகாரம், பின்னேரம் முழுவதும். இந்த ஒரு விஷயத்தில் சிங்களமும் தமிழும் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லாமல் உடன்பட்டிருக்கின்றன.

கருதுகோளை உடைப்பது கடன். கடன் கேட்க வருபவர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்ததும் பிரெஞ்சு இலக்கணத்துக்கு மாறிவிடுகிறார்: "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன்." அச்சொட்டான இறந்தகாலம். பிறகுதான் "கொஞ்சம் காசு" வருகிறது. ஆயுள் முழுக்கக் கொஞ்சத்தை முழுசு என்றே விளங்கிக்கொண்ட வீட்டுக்காரர், இந்த ஓர் இடத்தில் மாத்திரம் அகராதிப் பொருளை எடுத்துக்கொள்கிறார்.