புதுப் பிள்ளைக்கு எந்த இடம்?

கொக்கிலமேட்டுக் கடற்கரை மணலில் நாங்கள் சடுகுடு ஆடிய காலத்தில், புதுப் பையனுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது பெரிய பையன்களின் பொறுப்பு. முதலில் ஒப்புக்குச் சப்பாணி. அவுட்டானாலும் கணக்கில்லை, ஆனால் எல்லோரோடும் கோட்டுக்குள் நிற்கலாம். கொஞ்சம் பழகியதும் நடுவில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பாடி வருகிறவனின் காலை மூலையில் நிற்கும் அண்ணன் கவ்வியதும், அவனுக்கும் நடுக்கோட்டுக்கும் குறுக்கே ஓடி அடைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எதிராளி எந்தக் காலை ஊன்றித் திரும்புவான், எப்போது மூச்சு தளரும் என்பதெல்லாம் அங்கே நின்று நின்றே பிடிபட்டது.

இப்போது செங்கல்பட்டில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஓடுகிறது. அணிக்கு ஐந்து பேர். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஜெட் என்ற பாத்திரத்தின் மேல்தான் கண். காற்றில் பாய்வாள், கத்தி வீசுவாள். அக்கா மகளும் அவளைத்தான் எடுத்தாள். முன்னால் பாய்ந்தவள் எதிரியைப் பார்க்கும் முன்பே விழுந்தாள். அணி நான்கு பேராகிவிட, ஹெட்செட்டில் முகம் தெரியாத யாரோ திட்டினார்கள். அக்கவுன்ட் 20ஆம் லெவலைத் தொட்டால்தான் ரேங்க் ஆட்டம் என்றொரு வேலி இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய சாதாரண ஆட்டத்திலும் எல்லா உயிரும் கணக்கில் வரும். ஒப்புக்குச் சப்பாணிக்கு அங்கே இடமில்லை.

"சேஜ் எடுத்துட்டுப் பின்னாடி நில்லு" என்று வேறொரு பாத்திரத்தைக் காட்டுவது அடுத்த யோசனை. பெண் குரல் கேட்டால் இதைச் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. சேஜ் காயம் ஆற்றுவாள், சுவர் எழுப்புவாள், விழுந்தவரை எழுப்புவாள். எதை எப்போது செய்வது என்று சொல்லித்தராமல் பின்னால் நிறுத்தினால் அது வேலை கொடுத்ததாகாது.

அக்கா மகளின் அண்ணன்தான் சரியாகச் சொன்னான். "பிரிம்ஸ்டோன் எடு பாப்பா. மேப்பைத் திற. எங்கெல்லாம் அவனுங்க எட்டிப் பார்ப்பானுங்களோ அங்க ஸ்மோக் போடு. சுடறதை நாங்க பாத்துக்கறோம்." மேப்பில் மூன்று வட்டம் வரை வைத்து உறுதி செய்தால், வானத்திலிருந்து புகை இறங்கி வாசலை மறைக்கும். வட்டம் ஒரு நூல் தள்ளி விழுந்தால் சுவரோரம் கீற்றளவு இடைவெளி மிஞ்சும். அதன் வழியே குண்டு வரும். இரண்டு சுற்று அப்படி வாங்கியபின் எந்த வாசல் எங்கே திறக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். துப்பாக்கி பழகாத பிள்ளைக்கு மேப்பைக் கற்றுத்தரும் பாத்திரம் இது.

2022இல் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் நான் கவனித்தது இந்த இட ஒதுக்கீட்டைத்தான். நான்கு பலகை, ஒரு மாற்று ஆட்டக்காரர். வரிசையை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். இந்தியாவின் 'பி' அணி முதல் பலகையில் 16 வயது குகேஷை உட்கார வைத்தது. 11 ஆட்டத்தில் 9 புள்ளி. அவருக்குத் தங்கம், அணிக்கு வெண்கலம். பாலஸ்தீனப் பெண்கள் அணியிலோ 8 வயதுச் சிறுமி ஆடினாள். இந்தப் பிள்ளை எவ்வளவு தாங்கும் என்று யாரோ அருகிலிருந்து பார்த்துத் தீர்மானித்திருக்கிறார்கள்.

அக்கா மகள் இப்போது ஹேவன் மேப்பில் ஆடுகிறாள். அங்கே காக்க வேண்டிய தளங்கள் மூன்று. மூன்று ஸ்மோக்கையும் தொடக்கத்திலேயே கொட்டச் சொல்கிறான் அண்ணன். ஒன்றைக் கடைசிவரை கையில் வைத்திருப்பேன் என்கிறாள் அவள். என் ஓட்டு அவளுக்கே.