கதவு திறந்தால்தான் ஊர்!

கே: லண்டனுக்கும் பாரிஸுக்கும் நேர்கோட்டில் 350 கி.மீ. கூட இல்லை. டிக்கெட்டில் மட்டும் ஒன்றேகால் மணி நேரம் என்கிறார்களே?

ப: அது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அந்தப் பக்கம் போய் நிற்கும் வரைக்குமான கணக்கு. ஹீத்ரோவில் ஓடுபாதைக்கு வரிசை கட்டுவது, பாரிஸில் இறங்கியபின் ஊர்ந்து போவது எல்லாம் இதில் அடக்கம். வானத்தில் இருப்பது முக்கால் மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஏறி முடித்த சூட்டோடு இறங்க ஆரம்பித்துவிடும். காபியை ஆற்றிக் குடிக்கிற ஆசாமிகளுக்கு ரயில்தான் சரி.

கே: அந்தக் காலத்தில் எவ்வளவு நேரமாயிற்றாம்?

ப: 1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டன் – பாரிஸ் தினசரி சேவை தொடங்கியபோது, ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து லெ பூர்ஜேவுக்கு இரண்டரை மணி நேரம். பயணி ஒரே ஒரு பத்திரிகையாளர். துணைக்குச் செய்தித்தாள்களும் டெவன்ஷைர் கிரீமும். இன்று இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய், பெல்ட்டைக் கழற்றி, பையைத் திறந்து காட்டிவிட்டு ஏறுகிறோம். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பத்திரிகையாளர்தான் ஜெயிப்பார்!

கே: மாட்ரிட்டில் 10 மணிக்குக் கிளம்பினால் லிஸ்பனில் 10.20-க்கு இறங்கிவிடலாமாமே! 500 கி.மீ. தூரத்தை இருபதே நிமிடத்திலா?

ப: டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போடுவார்கள். போர்ச்சுகல் கடிகாரம் ஸ்பெயினைவிட ஒரு மணி நேரம் பின்னால். வரைபடத்தைப் பார்த்தால் ஸ்பெயினும் லண்டன் நேரத்தில்தான் இருக்க வேண்டும். 1940-ல் பிராங்கோ ஆட்சி முள்ளை முன்னால் தள்ளியது, தள்ளியபடியே நிற்கிறது. திரும்பி வரும்போது அதே விமானம் 2 மணி 20 நிமிடம் எடுத்ததாகக் கடிகாரம் காட்டும். பைலட்டைக் கோபித்துப் பயனில்லை.

கே: விமானம் தாமதமானால் ஐரோப்பாவில் காசு தருவார்களாமே?

ப: 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, தவறு நிறுவனத்தின் பக்கம் என்றால் 1,500 கி.மீ. வரையிலான பயணத்துக்கு 250 யூரோ. ‘வந்து சேர்ந்தது’ எப்போது என்பதில்தான் வில்லங்கம். 2012-ல் சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன் போன விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிற்குமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். தரையைத் தொட்டதே கணக்கு என்று நிறுவனம் வாதாடியது. லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் தீர்ப்புச் சொன்னது: ஏதாவது ஒரு கதவு திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வந்தால்தான் ஊர் வந்ததாக அர்த்தம். அதுவரை சீட்டில் அடைபட்டுக் கிடப்பவருக்கு ஜன்னலுக்கு வெளியே கொலோன் தெரிந்து என்ன லாபம்?

கே: ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த தூர விமானப் பயணம் எது?

ப: ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே. தூரம் 2.7 கி.மீ., அட்டவணைப்படி இரண்டு நிமிடம். காற்று ஒத்துழைத்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே முடிந்திருக்கிறது. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.