கடிமரத்தில் கட்டிய யானை

எழுதிப் பிழைப்பது இந்தக் காலத்தில்தான் கஷ்டம் என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்குப் புறநானூற்றைச் சிபாரிசு செய்வேன். வீரமும் கொடையும் நிறைந்த நூல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கென்னவோ பல பாட்டுகள், வராத சன்மானத்தை நினைவூட்டி எழுதிய கடிதமாகத்தான் படுகின்றன.

புலவர் பெருஞ்சித்திரனாரையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை வெறும் பானையைத் திறந்து பார்த்து அழுகிறது. தாய், புலி வருது என்று மிரட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். ஒன்றும் பலிக்கவில்லை. ‘அப்பா மேல் கோபம் வந்தால் மூஞ்சியை எப்படி வைத்துக்கொள்வாய், காட்டு’ என்கிறாள். இத்தனையையும் வள்ளல் குமணனிடம் பாடிய 160ஆம் பாட்டில் புலவர் ஒன்றுவிடாமல் போட்டுவிட்டார். வீட்டு மானம் போனால் போகட்டும், பாட்டு அருமையாக வந்திருக்கிறதே!

பசித்தாலும் ரோஷத்துக்குக் குறைவில்லை. அதியமான் என்ற சிற்றரசன் ஆளை நேரில் பார்க்காமல் பரிசை மட்டும் கொடுத்தனுப்பினான். ‘நான் என்ன வியாபாரியா?’ என்று புலவர் மறுத்துவிட்டார். அடுத்து வெளிமான் என்ற இன்னொரு சிற்றரசன். அவன் தம்பியிடம் ‘பரிசு கொடுத்தனுப்பு’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். தம்பி ஏதோ கொஞ்சம் நீட்டினான். முதலாளி வாய் தாராளம், கணக்குப்பிள்ளை கை சுருக்கம் என்பது அன்றே உண்டு. புலவர் அதைத் தொடாமல் குமணனிடம் போய்ப் பாடி, யானையே வாங்கிவிட்டார்.

வாங்கியவர் வீட்டுக்கல்லவா போக வேண்டும்? குழந்தை இன்னும் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவரோ யானையை ஓட்டிக்கொண்டு வெளிமான் ஊருக்குப் போனார். அங்கே கடிமரம் என்னும் காவல்மரத்தில் அதைக் கட்டி, ‘கேட்பவரும் உண்டு, கொடுப்பவரும் உண்டு, பார்த்துக்கொள். வருகிறேன்’ என்று 162ஆம் பாட்டைப் பாடிவிட்டுக் கிளம்பினார். எழுத்தாளனுக்குப் பரிசு கிடைப்பது பாதி சந்தோஷம்தான். கொடுக்காதவன் அதைப் பார்த்து வயிறெரிவதில் இருக்கிறது மீதி.

ஒருவழியாகக் குமணன் கொடுத்த செல்வத்தோடு வீடு வந்தார். வந்ததும் மனைவியிடம் அவர் சொன்னது 163ஆம் பாட்டு: உறவுக்காரர், வேண்டியவர், கைமாற்றுக் கொடுத்தவர், எல்லாருக்கும் அள்ளிக் கொடு. என்னைக் கேட்காதே. சேர்த்துவைத்து வாழலாம் என்றும் நினைக்காதே.

அந்த அம்மாள் என்ன பதில் சொன்னார் என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் தொலைந்துபோய்விட்டனவாம். எனக்குச் சந்தேகம் அங்கேதான்.