ரசத்துக்குக் கட்டம் கட்டியவன்

எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆனால் சமையலைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். 2011-இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்டின் பிங் மூன்றும் போட்டியை மறந்து ஒன்றுகூடி 'ஸ்கீமா.ஆர்க்' என்று ஒரு பொதுச் சொற்பட்டியலைக் கொண்டுவந்தன. செய்முறைகளுக்கென்றே அதில் 'ஹவ்டு' என்றொரு படிவம் பிற்பாடு சேர்ந்தது. பொருளுக்கு ஒரு கட்டம், கருவிக்கு ஒரு கட்டம், படிப்படியாகச் செய்வதற்குத் தனித்தனிக் கட்டம். ஒழுங்காக நிரப்பினால் எந்த இயந்திரமும் படித்துக்கொள்ளும்.

மனைவியின் ரசத்தை அதில் ஏற்றி அழியாப் புகழ் தேடித்தரக் கிளம்பினேன்.

"எவ்வளவு நேரம் கொதிக்கணும்?"

"ரசம் கொதிக்கவே கூடாதுங்க. நுரை கட்டினதும் இறக்கணும்."

நேரக் கட்டத்தில் நுரையை எழுத முடியாது. இருபது நிமிடம் என்றால் ஐ.எஸ்.ஓ. 8601 விதிப்படி 'பிடி20எம்' என்று எழுத வேண்டும்.

"பெருங்காயம்?"

"துளியூண்டு."

"துளியூண்டுன்னா?"

"உங்க சமையல் அறிவு அளவுக்கு."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். கருவிக் கட்டத்தில் இடுக்கி என்று எழுதினேன். அவள் முந்தானையால்தான் இறக்குவாள். பிறகு படிகள். ஒன்று, அடுப்பைப் பற்றவைக்கவும். இரண்டு, ஈயச்சொம்பை வைக்கவும். மூன்று, புளித்தண்ணீர் ஊற்றவும்.

எட்டிப் பார்த்தவள் பதறிவிட்டாள். "வெறுஞ்சொம்பை அடுப்புல வெச்சா உருகி ஓடிடும்! உங்கம்மா குடுத்ததுங்க அது."

உண்மைதான். ஈயச்சொம்பு என்பது வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரைதான் அது பாத்திரம்.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"இதையெல்லாமா சொல்லுவாங்க?"

எச்சரிக்கை எழுத அந்தப் படிவத்தில் குறிப்புக் கட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முப்பது வருஷம் ரசம் வைத்தவளுக்கு எது எச்சரிக்கை என்றே தோன்றாது. எனக்கோ கேட்கத் தெரியாது. இந்த லட்சணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இயந்திரத்துக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது?

இதற்கிடையே, 2019-இல் இந்தச் செய்முறைப் படிகளைத் தேடல் முடிவிலேயே அழகாகக் காட்டத் தொடங்கிய கூகுள், 2023-இல் அதை நிறுத்திவிட்டது. என் ரசத்துக்காகக் காத்திருந்து அலுத்துப்போனது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை.

ஈயச்சொம்பு வைத்திருக்கும் அன்பர்களே, முதலில் புளித்தண்ணீரை ஊற்றுங்கள். அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். எந்தக் கணினி மாற்றிச் சொன்னாலும் கேட்காதீர்கள். அதற்குச் சொல்லிக்கொடுத்தவன் என்னைப் போன்ற ஆளாக இருப்பான்.