தலைநகரில் படைப்பாளி ஆவது எப்படி?

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் பேர் வாங்கியே தீருவது என்று தில்லிக்கு ரயில் ஏறும் பிள்ளைகளுக்கான கையேடு இது. பெற்றோரும் படிக்கலாம். படித்த கையோடு பிள்ளையை பி.காமில் சேர்த்துவிட்டால் நாங்கள் பொறுப்பல்ல.

1. இடம் பிடித்தல்

தில்லிப் பல்கலைக்கழகத்தில் நுழைய 2022 முதல் க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நாலு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்வார்கள். ஐந்தாவதாக ஒரு விடை தோன்றுகிறவர்களுக்குக் கற்பனை வளம் உண்டு, இடம் கிடையாது. உள்ளே போய்விட்டால், அதே ஆண்டு வந்த நான்காண்டுத் திட்டத்தில் ‘கிரியேட்டிவ் ரைட்டிங்’ ஒரு திறன் மேம்பாட்டுப் பாடமாக இருக்கிறது. மதிப்பு இரண்டு கிரெடிட். முழுநேரப் படைப்பாளியாகும் துணிச்சல் இருந்தால் தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வே உண்டு. வீட்டை விட்டு நகர மனமில்லாதவர்களுக்கு மைதான் கடியில் தலைமையகம் வைத்திருக்கும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் டிப்ளமா தருகிறது.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் வருகைப்பதிவு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.67 சதவீதம் இருக்க வேண்டும். ஆசுகவி காளமேகமே வந்து சேர்ந்தாலும் இது பொருந்தும்.

2. வாய் திறத்தல்

முதல் நாள் எழுந்து நின்று பெயர், ஊர், பிடித்த எழுத்தாளர் சொல்ல வேண்டும். வகுப்பில் மூன்று வகையினர் இருப்பார்கள். நர்சரியிலிருந்தே ஆங்கிலத்தில் அழுது பழகிய தில்லிப் பிள்ளைகள் முதல் வகை. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இந்தி வழியில் படித்து வந்தவர்கள் இரண்டாம் வகை. மூன்றாவது நீங்கள். இலக்கணத்தில் நீங்கள் யாருக்கும் சளைத்தவர் இல்லை. ஆனால் வாயைத் திறந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு தலை திரும்பி, “சௌத்தா?” என்று அன்பாகக் கேட்கும்.

பரிகாரத்துக்கு வடக்கு வளாகத்தை ஒட்டிய முகர்ஜி நகருக்குப் போங்கள். ஐ.ஏ.எஸ். கோச்சிங் பலகைகளுக்கு நடுவே ஸ்போக்கன் இங்கிலீஷ் பலகையும் கண்ணில் படும். அதற்கும் காசில்லை என்றால், ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் ராபிடெக்ஸைப் பரணிலிருந்து இறக்குங்கள். தில்லியின் புஸ்தக் மஹால் போட்ட புத்தகம்தான் அது. விளம்பரத்துக்கு கபில் தேவ் வந்தார். இந்திய ஆங்கில இலக்கியத்தில் எந்த நாவலாசிரியருக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

3. பிழையா, நடையா?

கையேட்டின் முக்கியமான பகுதி இது, அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். கம்யூனிகேஷன் வகுப்பு காலை பத்து மணிக்கு, படைப்பெழுத்து வகுப்பு மதியம் இரண்டு மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள்: ‘மை பாட்டி வாஸ் டெல்லிங் ஒன்லி, நோபடி வாஸ் லிசனிங்.’

பத்து மணிக்கு ‘ஒன்லி’யைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். ‘டெல்லிங்’குக்குக் கீழே நெளிகோடு. ஓரத்தில் ‘யாரிடம் சொன்னார்?’ என்று ஒரு கேள்வி. பாட்டியை அடித்து, மேலே ‘கிராண்ட்மதர்’ என்று எழுதியிருக்கும். பத்துக்கு மூன்றரை.

இரண்டு மணிக்கு அதே தாளை வாசியுங்கள். அறை சற்று நேரம் அசையாது. யாரோ “வாவ்” என்பார்கள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “வாட் அ வாய்ஸ்!” என்பார். பாட்டிக்குப் பக்கத்தில் இரண்டு டிக்.

தெரியாமல் உடைத்தால் பிழை, தெரிந்து உடைத்தால் நடை. இதுதான் விதி. தெரிந்துதான் உடைத்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். நல்ல பள்ளிக்கூடமாக ஒன்றின் பெயரைச் சொன்னால் போதும். அரசுப் பள்ளிப் பெயரைச் சொன்னால் தாள் பத்து மணி வகுப்புக்கே திரும்பிவிடும்.

4. பட்டறை

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1936-இல் எழுத்தாளர் பட்டறையைத் தொடங்கியது. உலகெங்கும் அது பரப்பிய முறைப்படி, உங்கள் கதையை மற்றவர்கள் அலசும்போது நீங்கள் பேசக் கூடாது. நக்கீரர் குற்றம் சொன்னபோது இறைவனுக்கு நெற்றிக்கண்ணைத் திறக்கவாவது உரிமை இருந்தது. உங்களுக்கு வாயைத் திறக்கவும் உரிமை இல்லை.

பட்டறைக் கதையில் பாட்டி இறந்தே ஆக வேண்டும். மழை பெய்தால் நல்லது. ஊறுகாய் ஜாடி கட்டாயம். தில்லிப் பிள்ளைகளின் கதைகளில் காதலர்கள் லோதி தோட்டத்தில் பேசாமல் நடப்பார்கள். உங்கள் கதையில் ஒருவர் வயலில் நின்றாக வேண்டும். நீங்கள் பிறந்து வளர்ந்தது அம்பத்தூர் அடுக்குமாடி என்பதெல்லாம் எடுபடாது.

5. புத்தகம் வாங்குதல்

வாங்காதீர்கள். தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்து ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. பாடத்துக்காக நகலெடுப்பது குற்றமாகாது என்று 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆகவே சட்டத்தின் துணையோடு ஸ்பைரல் போட்டு வாங்கிப் படியுங்கள். நாளைக்கு ராயல்டியில் பிழைக்கும் திட்டம் உங்களுக்கும் இருப்பதை அந்த வரிசையில் நிற்கும்போது நினைக்காமல் இருப்பது நலம்.

6. முன்னோடிகள்

தில்லியில் படித்துப் பேர் வாங்கியவர்களைப் பாருங்கள். அமிதவ் கோஷ் படித்தது வரலாறு. அருந்ததி ராய் படித்தது கட்டடக்கலை. புக்கர் வாங்கியது 1997-இல். உபமன்யு சாட்டர்ஜி ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே 1988-இல் நாவல் வெளியிட்டார். நம்மவர்களில் ஆதவன் நேஷனல் புக் டிரஸ்டில் உத்தியோகம் பார்த்தபடி தில்லி வாழ்க்கையை எழுதினார். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்திலேயே தமிழ் நடத்திக்கொண்டு ‘குருதிப்புனல்’ எழுதி, 1977-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். மொத்தத்தில், எழுத்தாளராக எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்று தெரிகிறது. படைப்பெழுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை.

7. பாடத்திட்டத்தில் ஏறுதல்

எழுத்தாளரின் உச்சம், தன் எழுத்தில் மற்றவர்கள் ஃபெயில் ஆவது. தில்லிப் பல்கலைக்கழக ஆங்கில ஆனர்ஸில், பெண் எழுத்து பற்றிய தாளில், பாமாவின் ‘சங்கதி’யும் சுகிர்தராணியின் கவிதைகளும் மொழிபெயர்ப்பில் இடம்பெற்றிருந்தன. இருவரும் பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்றியவர்கள். எந்தப் பட்டறையிலும் பாட்டியைச் சாகடித்துப் பழகியவர்கள் அல்லர். சேரிப் பெண்களின் பேச்சை அப்படியே ஏட்டில் ஏற்றியவர் பாமா. அங்கே பிழை, நடை என்ற பஞ்சாயத்தே எழவில்லை. 2021 ஆகஸ்டில், மகாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’ கதையோடு இவர்கள் இருவரின் எழுத்தையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கல்விக்குழுவில் சிலர் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவித்தும் பலனில்லை. ஆகவே பாடத்திட்டத்தில் நிலைத்திருக்க விரும்புகிறவர்கள் சாதி, உடம்பு, காவல் நிலையம் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, மழை பற்றி எழுதவும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கே: படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

ப: கிடைக்கும். இதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. தில்லிக் கல்லூரிகளில் நெடுங்காலம் ‘அட்ஹாக்’ என்றொரு வகை ஆசிரியர்கள் இருந்தார்கள். நாலு மாதத்தில் வேலை முடியும். ஒருநாள் விட்டு மறுபடி தொடங்கும், அல்லது தொடங்காது. தொடர்கதை என்ற வடிவத்தை இதைவிட நன்றாகக் கற்றுக்கொள்ள வழியில்லை.

கே: ஆங்கிலம் சரளமாக வந்தபிறகுதான் எழுத வேண்டுமா?

ப: வந்தபிறகு அதை எப்படி வராதது மாதிரி எழுதுவது என்று பாடம் எடுப்பார்கள். இடையில் ஆகும் நான்கு வருடச் செலவை வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளவும்.

கே: பேசாமல் தமிழிலேயே எழுதினால் என்ன?

ப: தாராளமாக. தில்லியின் ஆங்கிலத் துறைப் பாடத்திட்டத்துக்குள் போகவும், அங்கிருந்து வெளியேற்றப்படவும் இதுவரை நிரூபணமான வழி அதுதான்.