தரவரிசையும் தேநீரும்: ஆதம்பாக்கத்துக் கால்பந்து ரசிகர் குறித்து ஓர் ஆய்வு

பரங்கிமலைக்கும் வேளச்சேரிக்கும் இடையில் அமைந்த ஆதம்பாக்கம், கிரிக்கெட்டையே குலதெய்வமாகக் கொண்ட ஒரு நகரத்தின் பகுதியாதலால், அங்கு வாழும் கால்பந்து ரசிகர் எண்ணிக்கையில் சிறுபான்மையினராகவும் குரலில் பெரும்பான்மையினராகவும் விளங்குகிறார். வடசென்னையில், குறிப்பாக வியாசர்பாடியில், பிள்ளைகள் பந்தை உதைத்தே வளர்வதால் அங்குள்ளவர்களுக்கு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு மிகுந்த நேரம் கிடைப்பதில்லை. ஆதம்பாக்கத்து ரசிகரோ உதைக்கும் வயதையும் அதற்கு உதவும் முழங்காலையும் கடந்துவிட்டவராகவே பெரும்பாலும் இருப்பதால், நேரம் முழுவதையும் பேச்சுக்கே ஒதுக்க அவரால் முடிகிறது. டீக்கடை வாசலில் மாலைதோறும் நிகழும் இப்பேச்சை ஆராய்ந்தால், அது தம் அணியின் ஃபார்ம், அணிகளின் பிரமோஷன் என்னும் இரண்டு தலைப்புகளுக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம்.

ஃபார்ம் என்பது ஓர் அணி அண்மையில் ஆடிய ஆட்டங்களின் முடிவுகளைக் கொண்டு அதன் உடல்நிலையைக் கணிக்கும் முறையாகும். உலக வழக்கப்படி இதற்குக் கடைசி ஐந்து ஆட்டங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆதம்பாக்கத்தில் இந்த எண்ணிக்கை நிலையானதன்று. ஐந்தில் நான்கு தோல்வியென்றால் ரசிகர் கடைசி ஓர் ஆட்டத்தை மட்டும் கணக்கில் கொள்வார், அதுவும் தோல்வியென்றால் அதன் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, “செகண்ட் ஹாஃப்ல பாத்தீங்களா சார், டிஃபென்ஸ் எப்படி செட் ஆயிடுச்சு!” என்று எதிரிலிருப்பவரைக் கேட்பார். எதிரிலிருப்பவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியராகவும், அந்த இரண்டாம் பாதியில் உறங்கிவிட்டவராகவும் இருப்பாராயின், மறுப்பு எதுவும் எழாது.

இத்தகைய நம்பிக்கையை வெறும் பிடிவாதமென்று ஒதுக்கிவிட முடியாதபடி வரலாறு ரசிகரின் பக்கம் நின்றிருக்கிறது. 2014-இல் தொடங்கப்பட்ட சென்னையின் எஃப்.சி., தன் இரண்டாம் ஆண்டான 2015-இல் பத்து ஆட்டங்களுக்குப் பின் இந்தியன் சூப்பர் லீக் பட்டியலின் அடியில் கிடந்தது. பின்னர் எஞ்சிய நான்கு ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குச் சென்றது. அந்த ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் நகரமே மூழ்கியதால், சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புணேயில் ஆடி 3-0 என்று வென்றது. கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் 90ஆவது நிமிடம் நெருங்கும்வரை 1-2 என்று பின்தங்கியிருந்துவிட்டு, எதிரணிக் கோல்கீப்பர் போட்டுக்கொண்ட சுயகோலாலும் மெண்டோசா அடித்த கோலாலும் 3-2 என்று கோப்பையைக் கைப்பற்றியது. 2019-20 சீசனிலும், பாதியில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் ஓவன் கோயல் அடித்தட்டில் தடுமாறிய அணியை இறுதியாட்டம்வரை கொண்டுசென்றார். இதன் விளைவாக, அணி பட்டியலில் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு கோப்பைக்கு அருகில் இருக்கிறது என்னும் கோட்பாடு ஆதம்பாக்கத்தில் வேரூன்றியது. அணி மூன்றாமிடத்தில் இருக்கும் ஆண்டுகளில்தான் ரசிகர் கவலையுடன் காணப்படுகிறார்.

இரண்டாவது தலைப்பான பிரமோஷன், கீழ்மட்ட லீகில் முன்னணியில் நிற்கும் அணி அடுத்த ஆண்டு மேல்மட்ட லீகுக்கு ஏறுவதையும், அதன் மறுபக்கமான ரெலிகேஷன், மேல்மட்டத்தில் கடைசியில் நிற்கும் அணி கீழே இறங்குவதையும் குறிக்கும். இங்கிலாந்தில் இம்முறை எவ்விதக் குழப்பமுமின்றி நடைபெறுகிறது: இரண்டாம் மட்டமான சாம்பியன்ஷிப் லீகில் 24 அணிகள் தலா 46 ஆட்டங்கள் ஆடியபின் முதல் இரண்டு அணிகள் நேராகப் பிரீமியர் லீகுக்குச் செல்ல, அவற்றுக்கு அடுத்த சில இடங்களில் வந்தவை மீதமுள்ள ஒற்றை இடத்துக்காகப் பிளே-ஆஃப் எனப்படும் கூடுதல் சுற்றில் மோதிக்கொள்கின்றன. 2025 மே மாதம் வெம்ப்ளியில் நடந்த பிளே-ஆஃப் இறுதியில் சண்டர்லாண்ட் அணி ஆட்டம் முடியும் தறுவாயில் கோலடித்து ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 என்று வென்று மேலே சென்றது. ஆதம்பாக்கத்து இளைஞர், தாம் ஒருநாளும் கால்வைத்திராத அந்த ஊருக்காக இரவில் கூச்சலிட்டு வீட்டாரை எழுப்பிவிடுவதற்குக் காரணம், அங்கே முதலிடத்துக்கும் கடைசியிடத்துக்கும் ஏதேனும் ஒரு பொருள் உண்டு என்பதேயாகும்.

இந்தியாவில் இது எவ்வாறு நடைபெற்றது என்பதற்கு 2018-19 சீசனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அந்த சீசனில், முந்தைய ஆண்டின் சாம்பியனான சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீகில் 18 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று, 9 புள்ளிகளுடன் பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. அதே சீசனில், கோயம்புத்தூரைத் தன் ஆடுகளமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி எஃப்.சி., சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸின் வழிகாட்டுதலிலும் பெட்ரோ மான்சி அடித்த 21 கோல்களின் துணையாலும் ஐ-லீகில் முன்னேறி, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியால் முந்திச் சாம்பியன் ஆனது. இந்த இரண்டு லீகுகளும் ஏட்டளவில் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல என்று சொல்லப்பட்டாலும், பணமும் தொலைக்காட்சி வெளிச்சமும் எங்கே இருந்தன என்பது டீக்கடைக்காரர் உட்பட அனைவருக்கும் தெரிந்திருந்தது. வேறொரு நாடாக இருந்தால் இவ்விரு அணிகளும் இடம் மாற்றிக்கொண்டிருக்கும். இங்கே முதலில் வந்தது முதலில் வந்த இடத்திலேயே நின்றது, கடைசியில் வந்தது கடைசியில் வந்த இடத்திலேயே நின்றது.

ஆட்டக்களத்திலேயே இதற்கு ஒரு தீர்ப்புக் கிடைக்கும் என்று நம்பியவர்களும் உண்டு. அடுத்த மாதமே இரு லீகுகளின் அணிகளும் கலந்துகொண்ட சூப்பர் கப் போட்டியின் அரையிறுதியில், புவனேசுவரத்தில் இந்த இரண்டு அணிகளும் ஆடின, ஆனால் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. பட்டியலில் கடைசியில் வந்த அணி தன் அரையிறுதியை வென்றது, பட்டியலில் முதலில் வந்த அணி தன் அரையிறுதியில் தோற்றது. அன்றுமுதல் ஆதம்பாக்கத்து விவாதம் முடிவுக்கு வரும் வாய்ப்பை முற்றிலுமாக இழந்துவிட்டது.

2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முன்னிலையில் ஒரு செயல்திட்டம் வகுக்கப்பட்டு, 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் சூப்பர் லீகுக்கு ஏறலாம் என்றும், ரெலிகேஷன் அதற்குப் பின்னர் வரும் என்றும் முடிவாயிற்று. ஏறும் வழி ஓராண்டிலும் இறங்கும் வழி வேறோர் ஆண்டிலும் திறக்கப்படும் இந்த ஏற்பாடு பிற ஊர்களில் வியப்பை அளித்திருக்கலாம். ஆதம்பாக்கம் அதைப் பொறுமையுடன் ஏற்றுக்கொண்டது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் நீட்டிப்பு, 2008-இல் பணி தொடங்கி, ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் நிலத்துக்கான வழக்குகளால் பல்லாண்டுகள் தன் தலைக்குமேல் பாதியில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் அது. தூண்கள் எழும்பிவிட்டன என்பதற்கும் வண்டி வரும் என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அவ்வூரார் நன்கு அறிவர்.

வழி திறந்தபின், 2022-23-இல் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாபும் 2023-24-இல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ-லீகை வென்று மேலே ஏறின. தமிழ்நாட்டின் அந்தச் சாம்பியன் அணியோ அதற்குள் ஐ-லீகிலேயே இல்லாமல் போயிருந்தது. ஏறிய முகமதன் 2024-25-இல் பதின்மூன்று அணிகளில் பதின்மூன்றாவதாக வந்து, இறங்கும் வழி திறக்கப்படாமையால் அங்கேயே அமர்ந்துகொண்டது. அதே சீசனில் பதினோராமிடம் பெற்ற சென்னையின் எஃப்.சி.யின் ரசிகர்கள் இதனை அநீதி என்று கண்டிக்கத் தொடங்கி, தம் அணி அவ்விடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபின், பொதுநலன் கருதிக் கண்டனத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டனர்.

பட்டியல் கணக்கு ரசிகருக்குப் பழக்கமானதே. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று என்னும் அடிப்படையில், “நாம ரெண்டு மேட்ச் ஜெயிச்சு, அவன் ஒண்ணு தோத்து, இன்னொருத்தன் டிரா பண்ணா சான்ஸ் இருக்கு தம்பி” என்று கணக்கிடும் திறன் அங்கு எட்டாம் வகுப்பிலேயே கைவந்துவிடுகிறது. ஆனால் 2024-25 ஐ-லீக் இந்தக் கணிதத்தையே செல்லாததாக்கியது. ஏப்ரலில் கடைசி ஆட்டம் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளிகளும் இண்டர் காசி 39 புள்ளிகளும் பெற்றிருந்தன. எனினும் இண்டர் காசிக்கு எதிரான ஆட்டத்தில் நாம்தாரி அணி ஆடத் தகுதியற்ற வீரர் ஒருவரைக் களமிறக்கியது என்னும் முறையீடு நிலுவையில் இருந்ததால், முதலில் சர்ச்சில் சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் ஜூலை 18 அன்று இண்டர் காசியே சாம்பியன் என்று தீர்ப்பளித்தது. மேலே ஏறும் உரிமையை வாரணாசி அணி வென்ற அந்த வேளையில், சூப்பர் லீக் தொடங்கும் நாள் தெரியாமல் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் இந்தியக் கால்பந்தின் நிலை முழுமையாக விளங்கும்.

இவற்றின் பயனாக, ஆதம்பாக்கத்து ரசிகர் இன்று ஆஃப்சைடு விதியைக் காட்டிலும் முறையீட்டுக் குழுவின் விதிகளில் தேர்ச்சி பெற்றவராகியிருக்கிறார். பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று முன்பு கோரியவர், இப்போது வழக்கறிஞரை மாற்ற வேண்டும் என்கிறார். நடுக்கள வீரர் பந்தைத் தவறவிட்டால் அவர் பதறுவதில்லை. பதிவுப் படிவத்தில் கையெழுத்துத் தவறிவிடுமோ என்றே பதறுகிறார்.

ஆயினும் ரெலிகேஷன் வேண்டும் என்பதில் டீக்கடையில் இருவேறு கருத்தில்லை. கீழே விழும் அச்சமில்லாத இடத்தில் மேலே இருப்பதற்கு மதிப்பில்லை என்று ஓய்வுபெற்றவர் சொல்ல, இளைஞர் வெம்ப்ளியை எடுத்துக்காட்டி அதை வழிமொழிய, கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருப்பவரும் தலையசைக்க, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறுகிறது. அதை எந்த ஆண்டிலிருந்து நடைமுறைப்படுத்துவது என்ற கேள்வி எழும்போது மட்டும் அனைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். நம்முடைய டீம் முதலில் ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரை வாங்கி, இரண்டு சீசன் ஆடி, ஆறாவது இடத்துக்குள் வந்து நிலைபெற்ற பிறகு, எவ்விதத் தாமதமுமின்றி உடனடியாகத் தொடங்கிவிடலாம் என்று ஒரு சிறு திருத்தம் அத்தீர்மானத்தில் சேர்க்கப்படுகிறது.