ஒன்றே முக்கால் கோடி மொய்

எங்கள் வீட்டில் இதுவரை மூன்று விசேஷம்: என் கல்யாணம், பையனுக்குக் காதுகுத்து, கிரகப்பிரவேசம். மூன்று மொய் நோட்டும் அரிசி டிரம்முக்குப் பின்னால் மஞ்சள் பையில் கிடந்தன. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரை வைத்துச் சோறு தின்கிறவன் வீட்டில் இன்னும் எச்சில் தொட்டு நோட்டைப் புரட்டுவதா என்று போன ஆடியில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டி ஏற்றினேன். நோட்டு மூன்று, ஆகவே டேபிளும் மூன்று. அதற்கு மேல் யோசிக்கவில்லை. சனி அங்கேதான் உட்கார்ந்தது.

முதலில் கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வந்தவர்கள் யார் என்று பார்க்க நினைத்தேன். டேபிள்களிடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில், இரண்டு டேபிளைச் சேர்க்கும் ஜாயின் என்ற சொல்லே 1992ஆம் வருஷத் தரநிர்ணயத்தில்தான் முறைப்படி ஏறியது. எனக்குப் பாடம் எடுத்தவர் அதற்கு முந்தைய ஆள். இரண்டு டேபிளுக்கும் நடுவே கமா போட்டு, கீழே நிபந்தனை எழுதச் சொல்லிக் கொடுத்தார். கமாவைப் போட்டேன். நிபந்தனையை மறந்தேன். கல்யாணத்துக்கு 412 பேர், கிரகப்பிரவேசத்துக்கு 186 பேர். ஒவ்வொருவரோடும் ஒவ்வொருவரையும் கோத்து 76,632 வரி வந்து விழுந்தது. 94,000 ரூபாய்க் கல்யாண மொய், கூட்டலில் 1,74,84,000 ஆகியிருந்தது.

"ஒன்றே முக்கால் கோடி மொய் வாங்கியிருக்கோம்டி!"

"அப்புறம் வீடு கட்ட என் வளையலை எதுக்கு வச்சோம்?" என்றாள் மனைவி, வெண்டைக்காயிலிருந்து தலையைத் தூக்காமலே.

நிபந்தனையைச் சேர்த்தேன். பெயரோடு பெயர் பொருந்த வேண்டும். 1970இல் ஐபிஎம் கம்பெனியிலிருந்த எட்கர் கோட், தகவலை அட்டவணைகளாக வைத்து, உள்ளே இருக்கும் மதிப்பைக் கொண்டே ஒன்றோடொன்று பொருத்தலாம் என்று எழுதினார். அருமையான யோசனை. ஆனால் எங்கள் பக்கம் முருகேசன்கள் மட்டும் பதினொரு பேர். ஒருவர் எழுதிய மொய் இன்னொருவர் தலையில் ஏறியது.

அடுத்து, தனியாக ஏற்றி வைத்திருந்த உறவினர் பட்டியலையும் காதுகுத்து டேபிளையும் சேர்த்தேன். இந்த முறை மனைவியே வந்து திரையைப் பார்த்தாள். "எங்க அண்ணனைக் காணோம்?"

வெறும் ஜாயின் போட்டால் இரண்டு பக்கமும் இருப்பவர்தான் வருவார். லெஃப்ட் ஜாயின் என்று மாற்றினேன். மச்சான் வந்தார்; பெயருக்கு எதிரே நல் என்று இருந்தது.

"எங்க அண்ணன் ஒண்ணுமே செய்யலையா?"

நல் என்றால் பூஜ்யம் அல்ல, விவரம் இல்லை என்றுதான் அர்த்தம். ஒரு நல் இன்னொரு நல்லுக்குக்கூடச் சமமில்லை என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. கடாவும் தோடும் பட்டுமாகத் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து, பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன் மொய் நோட்டில் எப்படி இருப்பார்? அன்று ராத்திரி என் தட்டுக்கு எதிரேயும் நல்தான்.

மேலத்தெரு முருகேசன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தபோதுதான் உண்மையான சோதனை. அவர் நமக்கு எந்த விசேஷத்தில் எவ்வளவு செய்தார்? உறவினர் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் நேரே, கடைசியாக வந்த விசேஷத்தின் டேபிள் பெயரை எழுதி வைத்திருந்தேன். அந்தப் பெயரைப் பார்த்து அந்தந்த டேபிளோடு சேர்ந்துகொள் என்றால் எஸ்க்யூஎல் கேட்காது. ஒரு வரியைப் படிக்கும் முன்பே எந்தெந்த டேபிள் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். யார் வீட்டுக்கு என்று சொல்லாமல் சீர்த்தட்டு எடுத்து வைக்கச் சொன்னால் யார்தான் வைப்பார்கள்? டேபிள் பெயர் இருக்கும் இடத்தில் கேள்விக்குறி போட்டுப் பார்த்தேன். மதிப்புக்குத்தான் கேள்விக்குறி, டேபிளுக்கு இல்லை என்று பிழை காட்டியது. கடைசியில் துண்டு துண்டாக எழுத்துகளை ஒட்டி, கேள்வியையே அந்த நேரத்தில் தயாரித்து ஓட்டுவது என்று முடிவெடுத்தேன்.

கல்லூரியிலிருந்து வந்திருந்த பையன் எட்டிப் பார்த்தான். "அப்பா, வெளியிலிருந்து வர்ற பேரை அப்படியே ஒட்டாதீங்க. எவனாவது டேபிளை அழிக்கிற கட்டளையைப் பேரா கொடுத்துடுவான். எந்தெந்த டேபிள் வரலாம்னு ஒரு பட்டியல் வச்சு சரிபாருங்க."

"நம்ம சொந்தத்துல அவ்வளவு விவரமானவன் யாருடா இருக்கான்?"

"அதைவிட, மூணையும் ஒரே டேபிளாக்கி விசேஷம்னு ஒரு நெடுவரிசை சேர்த்தா இந்த வம்பே இல்லையே?"

சரிதான். ஆனால் பத்தொன்பது வயசுப் பையன் சொல்லி மாற்றினால் இருபது வருஷ அனுபவம் என்ன ஆவது? ஒட்டினேன். பிழை. மறுபடி ஒட்டினேன். பிழை. ஃப்ரம் என்ற சொல்லுக்கும் டேபிள் பெயருக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். அதற்குள் மனைவி பட்டுச்சேலையில் தயாராகி வாசலில் நின்றாள். ஒன்பதே கால் பஸ் போயிருந்தது.

"மேலத்தெரு முருகேசன் தானே? கிரகப்பிரவேசத்துக்கு 501 எழுதினார். கூட ஒரு எவர்சில்வர் தூக்கு. அடியில பேர் வெட்டியிருக்கும், போய்ப் பாருங்க."

சமையல் மேடையில் தூக்கு இருந்தது. அதில் மோர் இருக்கிறது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கவிழ்த்துவிட்டேன். பெயர், தெரு, தேதி எல்லாம் சரியாகத்தான் வெட்டியிருந்தது.